கண்டெய்னர் மடிஞ்ச எக்ஸிடென்ட்: காயம், கோட்ஸ், இன்சூரன்ஸ் பற்றி எங்கட ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நான் திருகோணமலையில ஒரு லோயரிட்ட கிளாக்கா வேலை செய்யுறன். பைல் கட்டுறது, பொலிஸ் ரிப்போர்ட்டுக்கு அலையுறது, ஆஸ்பத்திரில படிவத்துக்கு நிக்கிறது இதெல்லாம் என்ட வேலை. சீனக்குடாப் பக்கம் மா ஆலை, சீமெந்து ஆலை, எண்ணெய்த் தாங்கி எல்லாம் இருக்கிறதால கந்தளாய் ரோட்டுல ராப்பகலா கண்டெய்னரும் எண்ணெய் ஏத்துற பவுசரும் ஓடுது. சில வருசத்துக்கு முதல் ஒரு மாரியில என்ட மச்சான் பைக்ல வரேக்க முன்னால வந்த கண்டெய்னர் மடிஞ்சு அவனை அடிச்சது. அதுக்குப் பிறகு ஊர்ல எங்க இப்பிடி நடந்தாலும் எனக்குத்தான் கோல் வரும், கேக்கிறதும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அதான் ஒரு இடத்துல எழுதி வைக்கிறன்.

"கண்டெய்னர் மடிஞ்சு போச்சு" எண்டு சொல்லுறாங்களே, பிரண்டதைத்தானே அப்பிடிச் சொல்லுறது?

இல்ல. பிரளுறது எண்டா சரிஞ்சு விழுறது. மடியிறது வேற. கண்டெய்னர் ஒரே வாகனம் மாதிரி தெரிஞ்சாலும் அது ரெண்டு துண்டு. முன்னால இழுக்கிற ஹெட், பின்னால ட்ரெய்லர். ட்ரெய்லருக்கு அடியில கிங்பின் எண்டு ஒரு தடிச்ச இரும்பு முளை இருக்கு, அது ஹெட்டின்ட முதுகுல கிறீஸ் பூசின வட்டத் தட்டுல போய் கொழுவி நிக்கும். அந்த ஒரு முளையிலதான் முழுப் பாரமும் திரும்புது. வேகமா வரேக்க ஹெட் வழுக்கிப் பக்கவாட்டுல திரும்பிட்டா பின்னால வாற ட்ரெய்லர் நிக்காம தள்ளிக்கொண்டே வரும், அப்ப வில்லுக்கத்தியை மடக்கின மாதிரி ஹெட் வந்து ட்ரெய்லரோட ஒட்டிக்கொள்ளும்.

ஹெட் நேரா நிக்க ட்ரெய்லர் மட்டும் வாலை வீசின மாதிரி எதிர்ப்பக்க ரோட்டுக்கு வாறதும் உண்டு. பாக்கிறவங்க ரெண்டையும் மடிஞ்சது எண்டுதான் சொல்லுவாங்க. ஆனா கேஸுக்கு எது முதல்ல வழுக்கினது எண்டது முக்கியம், ஏனெண்டு அடுத்த பதில்ல விளங்கும்.

பிரேக் அடிச்சா நிக்கத்தானே வேணும், ஏன் மடியுது?

டயர் உருண்டுகொண்டு இருக்கிற வரைக்கும்தான் ரோட்டைப் பிடிக்கும். பிரேக் இறுகி டயர் சுத்துறது நிண்டு வழுக்கத் தொடங்கினா அது எந்தப் பக்கமும் போகும். ஹெட்டின்ட பின் டயர் அப்பிடிப் பூட்டினா ஹெட் திரும்பும், ட்ரெய்லர் டயர் பூட்டினா வால் வீசும். டயர் பூட்டாமப் பாத்துக்கொள்ளுற ஏபிஎஸ் ஒழுங்கா வேலை செய்யுற வாகனத்துல இது குறைவு.

மடியிறதுக்குக் காரணம் பலது. நாலைஞ்சு மாசம் வெயில்ல கிடந்து எண்ணெயும் தூசியும் ஏறின ரோட்டுல ஐப்பசி கார்த்திகையில முதல் மழை விழுந்தா சவர்க்காரம் மாதிரி வழுக்கும். தேஞ்ச டயர், வளைவுல பிரேக், ஈர ரோட்டுல திடீரெண்டு எஞ்சின் பிரேக் போடுறது, இதுகளும் காரணம். பெரிய காரணம் ஒண்டை நிறையப் பேர் பாக்கிறதில்ல, அது ட்ரெய்லர் பிரேக். ஹெட்டில இருந்து ட்ரெய்லருக்கு ரெண்டு எயர் பைப் போகும், ஒண்டு சிவப்பு, ஒண்டு நீலம். சிவப்புல காத்துப் போனா ட்ரெய்லர் தானா பிரேக் பிடிச்சு நிண்டுடும். ட்ரைவர் பெடலை மிதிக்கேக்க ட்ரெய்லருக்கு "பிடி" எண்டு சொல்லுறது நீலம்தான், அதுல லீக் இருந்தா ஹெட் மட்டும் பிடிக்கும், ட்ரெய்லர் சரியாப் பிடிக்காது, பின்னால இருந்து தள்ளும். பிறகு மடியாம என்ன செய்யும்.

பாரமே இல்லாம வெறும் ட்ரெய்லரோட வந்தது, அதுவுமா மடியும்?

ஓம், வெறும் ட்ரெய்லர்தான் இன்னும் லேசா மடியும். பிரேக் செஞ்சிருக்கிறது முழுப் பாரத்துக்கு, டயர்ல பாரம் இல்லாட்டி கொஞ்சம் மிதிச்சாலே பூட்டிடும். "வெறுமையாத்தானே வந்தனான், நான் வேகமா வந்திருந்தாலும் பிரச்சினை இல்ல" எண்டு சொல்லுறது சரியில்ல.

அடிபட்டுக் கிடக்கிற ஆளை உடன ஆட்டோல ஏத்திக்கொண்டு ஓடுறதுதானே நல்லது?

தயவுசெய்து வேண்டாம். 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், வாறவங்க கழுத்தையும் முதுகையும் அசைக்காம எப்பிடி எடுக்கிறது எண்டு படிச்சவங்க. மடிஞ்ச எக்ஸிடென்ட்ல வாற காயம் சாதாரண இடி மாதிரி இல்ல. ஹெட்டுக்கும் ட்ரெய்லருக்கும் நடுவுல நசிபடுறது, ட்ரெய்லருக்கு அடியில பைக்கோட போறது, வீசின வால் பக்கவாட்டுல அடிக்கிறது. இடுப்பெலும்பு, தொடையெலும்பு, முள்ளந்தண்டு, தலை, உள்ளுக்க ஈரல் மண்ணீரல் எல்லாம் அடிபடும். முள்ளந்தண்டு முறிஞ்ச ஆளை ஆட்டோல மடக்கி இருத்தினா நடக்கக்கூடியவரும் நடக்க ஏலாமப் போயிடுவார்.

ரத்தம் ஓடினா சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. ஹெல்மட்டை இழுத்துக் கழட்ட வேண்டாம், மூச்சு எடுக்கிறாரா எண்டு பாருங்க, தண்ணி சோடா குடுக்காதீங்க. கால் மேல இரும்பு ஏறிக் கனநேரம் நசிஞ்சு கிடக்கிற ஆளை டக்கெண்டு இழுத்து எடுத்தா நசிஞ்ச தசையில இருந்து வாறது ரத்தத்துல கலந்து இருதயத்தையும் சிறுநீரகத்தையும் அடிக்கும், அவருக்குப் பக்கத்துல இருந்து கதைச்சுக்கொண்டு அம்புலன்ஸ் வரும் வரைக்கும் பாருங்க. மடிஞ்சது பவுசர் எண்டா தள்ளி நில்லுங்க, கேனோட எண்ணெய் அள்ளப் போகாதீங்க. ஒரு பொறி காணும்.

பெரிசா ரத்தம் இல்ல, ஆள் நடந்தே வீட்ட வந்துட்டார். ஆஸ்பத்திரி தேவையா?

தேவை, அண்டைக்கே. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சா முதல் சில மணித்தியாலம் ஆள் சாதாரணமாக் கதைச்சுக்கொண்டு இருப்பார், பிறகு சத்தி, தலையிடி, தூக்கம் தூக்கமா வரும். வயித்துல உள்ளுக்க ரத்தம் போறதும் அப்பிடித்தான். சலம் சிவப்பாப் போனா, வயிறு இறுகினா, கால் விறைச்சா உடன கொண்டு போங்க.

ரெண்டாவது காரணம், ஒரு கிழமை கழிச்சுப் போனா "இந்தக் காயம் அந்த எக்ஸிடென்ட்ல வந்ததுதானா" எண்டு எதிர்ப்பக்க லோயர் கேப்பார். அதுக்குப் பதில் சொல்ல உங்களிட்ட ஒரு கடுதாசி வேணும்.

ஆஸ்பத்திரில பொலிஸ் படிவம் எண்டு ஒண்டு கதைக்கிறாங்க, அது என்னத்துக்கு?

அது மெடிக்கோ லீகல் படிவம். பொலிஸ் குடுக்கும், சட்ட வைத்திய அதிகாரி உங்களைப் பாத்துக் காயத்தை எழுதுவார், சாதாரண காயமா, கடும் காயமா எண்டும் அதுலதான் வரும். எலும்பு முறிஞ்சாலே, பல்லு உடைஞ்சாலே தண்டனைச் சட்டக்கோவைப்படி அது கடும் காயம். அதால ட்ரைவர் மேல போடுற குற்றச்சாட்டும் மாறும்.

திருகோணமலை ஆஸ்பத்திரில இருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ மட்டக்களப்புக்கோ மாத்தினா இந்தப் படிவம் இடையில தொலைஞ்சு போறது வழமை. வீட்டாள் ஒருத்தர் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கணும். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, மருந்து வாங்கின பில், வேன் பிடிச்ச காசுக்குத் துண்டு, ஒண்டையும் எறியாதீங்க.

பொலிஸ் வந்து அளந்து எல்லாம் எழுதினதுதானே, நாங்க வேற என்ன செய்யணும்?

இதுக்கு மச்சான்ட கதையைத்தான் சொல்லணும். நடந்து ரெண்டாம் நாள் நான் பொலிஸ் முற்றத்துக்குப் போனன். வாகனம் வேலிக்கு அந்தப் பக்கம் நிண்டது. ஹெட்டுக்குப் பின்னால தொங்கின நீல எயர் பைப்பைப் பாத்தா நடுவுல சைக்கிள் டியூப்பைக் கிழிச்சுச் சுத்தி, மேல கட்டுக்கம்பி போட்டு முறுக்கிக் கிடக்கு. டியூப் வெளிறி வெடிச்சுப் போய் இருந்தது, கம்பி துருப்பிடிச்சிருந்தது, அப்ப அது நேத்து முந்தாநாள் கட்டினது இல்ல. வேலிக்குள்ளால கையை நீட்டிப் போன்ல படம் எடுத்தன். பொலிஸ் எழுதினதுல அதுவரைக்கும் "வேகம், ஈர ரோடு, சாரதியின் கவனயீனம்" மட்டும்தான் இருந்தது. மோட்டார் வாகனப் பரிசோதகர் பாக்கிறதுக்கு முதல் அந்தப் படத்தை எங்கட லோயர் எழுத்துல குடுத்துப் பிரேக்கைப் பாக்கச் சொன்னார், பாத்தாங்க, ரிப்போர்ட்ல வந்தது. பிறகு கதை ட்ரைவரோட மட்டும் நிக்கல்ல.

அதனால நீங்களும் படம் எடுங்க. ரோட்டுல கறுத்த டயர்க்கோடு எங்க தொடங்கி எங்க முடியுது, டயர் பூ (டயர்ல வெட்டியிருக்கிற கோடுகள்), எயர் பைப், கண்டெய்னரைப் பூட்டுற நாலு மூலைப் பூட்டு, ஹெட் நம்பர், ட்ரெய்லர் நம்பர். ட்ரெய்லருக்குத் தனி நம்பர் இருக்கு, அதை விடாதீங்க. பக்கத்துக் கடையில கேமரா இருந்தா அண்டைக்கே கேளுங்க, கொஞ்ச நாள்ல அது தானா அழிஞ்சிடும். முதல்ல ஓடி வந்து தூக்கின ஆக்கள்ட பேரும் போன் நம்பரும் எழுதி வைங்க. உங்கட ஸ்டேட்மெண்டைத் தமிழ்ல சொல்லுங்க, வேற பாசையில எழுதினா வாசிச்சு விளங்கப்படுத்தாம கையெழுத்து வைக்காதீங்க.

கடைசியில பிழை ட்ரைவரிலயா, ஓனரிலயா?

அனேகமா ரெண்டு பேரிலயும். ஓட்டினது பிழை எண்டா ட்ரைவர். அவர் ஓனர்ட சம்பளத்துக்கு, ஓனர்ட வேலையா ஓடேக்க நடந்தது எண்டா அந்தப் பிழைக்கு ஓனரும் பொறுப்பு, இது எங்கட சட்டத்துல பழைய விசயம். அதுக்கு மேல ஓனர்ட சொந்தப் பிழையும் இருக்கலாம்: பிரேக் திருத்தாம அனுப்பினது, தேஞ்ச டயர், தொடர் வாகனம் ஓட்டுற சீஈ (CE) வகுப்பு லைசன்ஸ் இல்லாத ஆளை ஏத்தினது, ராவெல்லாம் ஓடின ஆளைத் தூங்க விடாமத் திரும்ப அனுப்பினது.

நான் பாத்த வரைக்கும் ஊர் ஆக்கள் முதல்ல அடிக்கப் போறது ட்ரைவரைத்தான். அவர் மாசச் சம்பளக்காரன். அந்த ட்ரெய்லரை அந்த நிலையில ரோட்டுக்கு அனுப்பினது ஆர் எண்டு முதல்ல கேளுங்க.

ஹெட் ஒருத்தருக்கு, ட்ரெய்லர் இன்னொருத்தருக்கு, உள்ளுக்க சாமான் மூண்டாவது ஆளுக்கு. ஆரைப் பிடிக்கிறது?

முதல்ல ரெண்டு நம்பருக்கும் பதிவு விபரம், இன்சூரன்ஸ் விபரம் எடுக்கணும், அதுக்குத்தான் மேல ரெண்டையும் படம் எடுக்கச் சொன்னன். ட்ரெய்லர் பிரேக் பிழை எண்டா ட்ரெய்லரைப் பராமரிக்க வேண்டிய ஆள் உள்ள வருவார். சாமானை ஒரு பக்கமா ஏத்தி, கட்டாம விட்டு, வளைவுல பாரம் சரிஞ்சு மடிஞ்சது எண்டா ஏத்தின ஆக்களும் வரலாம்.

பதிவுப் புத்தகத்துல முழு உரித்தாளர் எண்டு லீசிங் கம்பனி பேர் இருக்கிறதைப் பாத்து நிறையப் பேர் அவங்கள்தான் பெரிய காசுக்காரர் எண்டு நினைக்கிறாங்க. அவங்கள் வாகனத்துக்குக் காசு போட்டவங்க. ஓட்ட விட்டது பதிவு உரிமையாளர்தான், கேஸ் அவரைச் சுத்தித்தான் போகும்.

ட்ரைவர் கோட்ஸ்ல குற்றத்தை ஒத்துக்கொண்டு தண்டம் கட்டிட்டார். எங்களுக்கு எப்ப காசு வரும்?

அந்தத் தண்டம் அரசாங்கத்துக்குப் போறது. நீதவான் நீதிமன்றத்துல நடக்கிறது பொலிஸ் போடுற குற்ற வழக்கு. நீதவான் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு தொகை குடுக்கச் சொல்லிக் கட்டளை போடலாம், ஆனா ஒரு ஆள்ட கால் போனதுக்கு அது காணாது. முழு நட்டஈடு வேணுமெண்டா மாவட்ட நீதிமன்றத்துல நீங்க தனியா சிவில் வழக்குப் போடணும், அதை ஆரும் உங்களுக்காகப் போட மாட்டாங்க.

ட்ரைவர் விடுதலையானாலும் சிவில் வழக்கு செத்துப்போகாது. குற்ற வழக்குல சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கணும், சிவில்ல எந்தப் பக்கம் நம்பக்கூடியதா இருக்கு எண்டுதான் பாப்பாங்க.

கேஸ் போட எவ்வளவு காலம் இருக்கு?

ரெண்டு வருசம். 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலவிதிப்புச் சட்டத்துல இருக்கு. எக்ஸிடென்ட் நடந்த நாள்ல இருந்து எண்ணுங்க. பொலிஸ் கேஸ் முடியட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்து ரெண்டு வருசத்தை விட்ட குடும்பங்களை நானே கண்டிருக்கிறன், பைலை மூடித் திருப்பிக் குடுக்கேக்க அவங்கட முகத்தைப் பாக்க ஏலாது. சின்னப் பிள்ளைக்குக் கணக்கு வேற, ஆனா அதை நம்பி இருக்க வேண்டாம்.

இன்னொரு நாள்கணக்கு இருக்கு. வழக்குப் போடுறதுக்கு முதலோ, போட்டு 7 நாளுக்குள்ளயோ இன்சூரன்ஸ் கம்பனிக்கு வழக்கைப் பற்றி நோட்டீஸ் குடுத்திருக்கணும். மோட்டார் வாகனச் சட்டத்துல அப்பிடித்தான். அதை விட்டா வழக்கு வெண்டாலும் இன்சூரன்ஸிட்ட காசு எடுக்க ஏலாது, ட்ரைவரையும் ஓனரையும் துரத்திக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

ஆஸ்பத்திரிக்கே வந்து காசு தாறாங்க, வாங்கலாமா அண்ணே?

மச்சானிட்டயும் மூண்டாம் நாள் வந்தாங்க. நல்ல மாதிரி ஆக்கள், பழம், ஹோர்லிக்ஸ் எல்லாம் கொண்டு வந்தாங்க. ஒரு என்வலப்புல காசு, கூட ஒரு கடுதாசி. அதுல தொகை எழுதுற இடம் வெறுமையாக் கிடந்தது, கீழ "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" எண்டு அடிச்சிருந்தது. அவனுக்கு அப்ப வலிக்கு ஊசி போட்டு அரை மயக்கம், மாமி அழுதுகொண்டு பேனையைத் தேடுறா. நான் அந்த நேரம் போகாட்டி கையெழுத்து வச்சிருப்பாங்க.

செலவுக்கு உதவியா ஆரும் தந்தா வாங்கலாம், "வைத்தியச் செலவுக்கு இவ்வளவு பெற்றேன்" எண்டு மட்டும் எழுதிக் குடுங்க. முழுசாத் தீர்ந்தது எண்டு எழுதின ஒண்டுலயும் காயம் ஆறி, எவ்வளவு ஏலாமை மிஞ்சுது எண்டு டொக்டர் சொல்லுற வரைக்கும் கையெழுத்து வைக்காதீங்க. சமாதானமா முடிக்கிறது பிழையில்ல, நிறையக் கேஸ் அப்பிடித்தான் முடியுது. ஆனா மூண்டாம் நாள்ல, ஊசி மயக்கத்துல இல்ல.

தம்பி ஹெல்மட் போடல்ல, எங்களுக்கு ஒண்டும் கிடைக்காதா?

கிடைக்கும், குறையலாம். 1968ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு உங்கட பக்கமும் பிழை இருந்தா கோட்ஸ் பங்கு பிரிக்கும், முழுசா இல்லாமப் போகாது. ஹெல்மட் இல்லாதது தலைக்காயத்துக்குத்தான் கணக்கு, நசிஞ்ச காலுக்கும் ஹெல்மட்டுக்கும் என்ன சம்பந்தம் எண்டு உங்கட லோயர் கேக்கலாம். பொலிஸுக்குப் பொய் மட்டும் சொல்லாதீங்க, கேமராவுல வந்தா மற்ற உண்மையையும் நம்ப மாட்டாங்க.

நான்தான் ட்ரைவர். எனக்கும் கால் முறிஞ்சது, எல்லாரும் என்னைத்தான் ஏசுறாங்க. எனக்கு ஒண்டும் இல்லையா?

இருக்கு அண்ணா. நீங்க வேலையில இருக்கேக்க காயப்பட்ட தொழிலாளி. 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்துல வேலை குடுத்தவர் நட்டஈடு குடுக்கணும், அதுல ஆர்ட பிழை எண்டு பாக்கிறது சிவில் வழக்கு மாதிரி இல்ல. குடிச்சிருந்தா கதை வேற. கூட வந்த கிளீனருக்கும் இது உண்டு. இதையும் சிவில் வழக்கையும் ரெண்டு கையிலயும் பிடிக்க ஏலாது, அதால எதையும் பைல் பண்ண முதல் லோயரிட்டக் கேளுங்க.

இன்னொண்டு. பிரேக் சரியில்ல எண்டு நீங்க முதல்லயே ஓனருக்குச் சொல்லியிருந்தா அந்த வட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீங்க. உங்கட குற்ற வழக்குலயும் அது பேசும். மரணம் நடந்திருந்தா தண்டனைச் சட்டக்கோவை 298ஆம் பிரிவுல 5 வருசம் வரைக்கும் சிறை போகலாம், அதால ஓனர் பிடிச்சுத் தாற லோயர் ஆருக்காகக் கதைக்கிறார் எண்டும் யோசியுங்க.

யானை குறுக்க வந்தது, அதான் பிரேக் அடிச்சது எண்டு ட்ரைவர் சொல்லுறார். யானைக்கு ஆர் பொறுப்பு?

ஹபரணையில இருந்து கந்தளாய் வரைக்கும் ஓடுற ஆருக்கும் இது தெரியும், பின்னேரம் பட்டா யானை ரோட்டுக்கு வரும். திடீர் ஆபத்துல ஒரு ஆள் எடுத்த முடிவை கோட்ஸ் ஆறுதலா இருந்து யோசிச்ச முடிவு மாதிரி அளக்காது, அது ட்ரைவருக்குச் சாதகம். ஆனா யானைப் போர்ட் போட்டிருக்கிற ரோட்டுல, இருட்டுல, நிக்க முடியாத வேகத்துல ஏன் வந்தீங்க எண்ட கேள்வி மிஞ்சும். அதோட அந்த நீல பைப். யானை வந்தாலும் நாலு பக்கமும் ஒழுங்காப் பிரேக் பிடிச்சிருந்தா மடிஞ்சிருக்குமா எண்டு பரிசோதகரிட்டக் கேக்கணும்.

மடிஞ்ச ட்ரெய்லர் இருட்டுல ரோட்டுக்குக் குறுக்க கிடந்தது, அரை மணித்தியாலம் கழிச்சு நாங்க போய் மோதினம். இது எங்கட பிழையா?

முழுசா இல்ல. மடிஞ்ச பிறகு பின்னால வாறவங்களுக்குத் தெரியப்படுத்த என்ன செஞ்சாங்க எண்டதுதான் விசயம். முக்கோணம் வச்சாங்களா, லைட் போட்டாங்களா, ஆள் நிண்டு கை காட்டினாங்களா, ட்ரெய்லர் பக்கவாட்டுல ரிஃப்லெக்டர் இருந்ததா. அரை மணித்தியாலம் எண்டா செய்ய நேரம் இருந்தது. உங்கட வேகமும் லைட்டும் பாத்து மேல சொன்ன மாதிரி பங்கு பிரிப்பாங்க. இது ரெண்டாவது எக்ஸிடென்ட், இதுக்குத் தனியா பொலிஸ் என்ட்ரி போடுங்க, முதலாவதோட சேத்து எழுத விடாதீங்க.

எங்கட வாப்பா அந்த இடத்துலயே மௌத்தாகிட்டார். பிள்ளைகள் நாங்க என்ன கேக்கலாம்?

இதைக் கிண்ணியாவில இருந்து வந்த ஒரு தங்கச்சி கேட்டா. அவர் உழைச்சுத் தந்த ஆதரவு இல்லாமப் போனதுக்கும் இறுதிச் செலவுக்கும் முந்தியே கேக்கலாம். ஆனா ஒரு ஆள்ட அன்புக்கும் துணைக்கும், அது போன துயரத்துக்கும் பழைய சட்டத்துல இடமே இல்லாம இருந்தது, உழைக்காத சின்னப் பிள்ளை செத்தா பெத்தவங்களுக்குக் கிட்டத்தட்ட ஒண்டுமே இல்ல. 2019ல ஒரு ஆள்ட மரணத்துக்கு நட்டஈடு அறவிடுறதுக்கு எண்டு தனிச்சட்டம் வந்து அதை மாத்தினது. லோயரிட்ட அந்தச் சட்டத்தைப் பேர் சொல்லிக் கேளுங்க.

மரண விசாரணை அதிகாரி கேக்கேக்க வீட்டாள் ஒருத்தர் போய்க் கண்டதைச் சொல்லணும். சம்பளத் துண்டு இல்லாட்டி, அவர் மீன் வியாபாரம் எண்டா ஏலம் எடுத்த துண்டு, கொப்பி எதுவாவது தேடி எடுங்க. வருமானத்தைக் காட்டாம ஆதரவுக் கணக்குப் போட ஏலாது.

வால் அடிச்சிட்டு நிக்காமப் போயிட்டான், நம்பர் தெரியாது.

சில நேரம் ட்ரைவருக்கே அடிச்சது தெரியாது. உடன 119க்குச் சொல்லுங்க, வழியில இருக்கிற கேமராவுல பிடிக்கலாம். கடைசி வரைக்கும் வாகனம் கிடைக்காட்டி வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிட்ட உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், அதுக்கும் பொலிஸ் என்ட்ரியும் வைத்திய ரிப்போர்ட்டும் வேணும்.

லோயருக்குக் குடுக்கக் காசில்லையே தம்பி?

சட்ட உதவி ஆணைக்குழு திருகோணமலையிலயும் இருக்கு, வருமானம் குறைஞ்ச ஆக்களுக்குக் கட்டணம் இல்லாம வழக்குப் பேசுவாங்க. அடையாள அட்டை, கிராம சேவகரிட்ட எடுத்த வருமானக் கடிதம், என்ட்ரி நம்பர், ஆஸ்பத்திரிக் கடுதாசிகள், எடுத்த படங்கள் எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக்கொண்டு காலமைக்கே போங்க. படத்தைப் போன்ல மட்டும் வச்சிருக்காம ஒரு கொப்பி அடிச்சும் கொண்டு போங்க, அதுக்குப் பின்னால எடுத்த தேதியையும் இடத்தையும் பேனையால எழுதி வைங்க.